போர்க்களம் முதல் போடிமெட்டு வரை



மலர்க் குழுவிலிருந்து போன் செய்த நண்பர், "ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் எழுதிராதப்பா, அது ஏற்கெனவே பதினாலு வந்துருச்சு. உன் தொழிலைப் பத்தி, கொஞ்சம் வரலாறு கலந்து எழுது" என்றார். இயந்திரவியல் முடித்து, வெளியூரில் சில காலம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, தேனிப் பக்கம் திரும்பி வந்து பழைய ஜீப்புகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பவன் நான். ஆகவே ஜீப்பைப் பற்றித்தான் எழுத முடியும். நான்கு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய வகை வண்டியைத்தான் சொல்கிறேன். பழைய சினிமாவில் வில்லன் வந்து இறங்குவானே, அதேதான்.

போடியிலிருந்து மேலே ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் போடிமெட்டு, அப்புறம் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். விடியற்காலையில் இந்த மலைச் சாலைகளில் நின்று பார்த்தால், தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறும். கம்பம்மெட்டு வழியிலும் இதே காட்சிதான். அந்த வண்டிகளில் ஒன்றைக் கூட தொழிற்சாலையில் பிறந்த மேனியாகப் பார்க்க முடியாது. இன்ஜின் ஒரு காலத்தது, கியர்பாக்ஸ் இன்னொரு காலத்தது, பின்பக்க பாடி உள்ளூர் டிங்கரிங் பட்டறையில் கட்டியது. இது எப்படி வந்தது, எதனால் வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கதை 1940ல் அமெரிக்காவில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு, ஜெர்மன் படை வண்டிகளில் பறந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்க ராணுவம் கால் டன் சுமக்கக்கூடிய, நான்கு சக்கரமும் இழுக்கும், எடை குறைந்த வண்டி ஒன்று வேண்டும் என்று கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை! பெரிய கம்பெனிகள் சிரித்துவிட்டு விட்டுவிட்டன. நொடித்துப் போகும் நிலையில் இருந்த பேன்டம் என்ற சின்ன கம்பெனிதான், கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டு வரைபடம் போடச் சொல்லி, 1940 செப்டம்பர் 23 அன்று வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைத்தது. ஆனால் ராணுவம் கேட்ட எண்ணிக்கைக்கு பேன்டத்தின் தொழிற்சாலை காணாது. படத்தை மற்றவர்களுக்கும் காட்டி, கடைசியில் பெரிய ஆர்டர் வில்லிஸ் ஓவர்லாண்டுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போட்டியில் முதலில் ஓடியவனுக்கு மெடல் கிடைக்கவில்லை. நம் கல்லூரி விளையாட்டு விழாவிலும் இப்படி நடந்ததுண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

வில்லிஸ் ஜெயித்ததற்குக் காரணம் இன்ஜின். டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர், அந்தக் கம்பெனியின் சாதாரண கார் இன்ஜினை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து 48 குதிரைத்திறனிலிருந்து 60க்குக் கொண்டுவந்திருந்தார். 134 கன அங்குலம், நம் கணக்கில் 2.2 லிட்டர். நான்கு சிலிண்டர், பக்கவாட்டு வால்வு. அதாவது உலகத்தின் முதல் பெருவாரி ஜீப்பே, இருந்த ஓர் இன்ஜினை மாற்றி மெருகேற்றியதால் பிறந்ததுதான்! யுத்தம் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஜீப்புக்கு மேல் செய்தன. அதில் ஒரு முக்கியமான விஷயம், ஃபோர்டு ஜீப்பின் பாகம் வில்லிஸில் பொருந்தும், வில்லிஸின் பாகம் ஃபோர்டில் பொருந்தும். குண்டு விழுந்த இரண்டு வண்டிகளிலிருந்து ஓடுகிற ஒரு வண்டியை மரத்தடியில் வைத்துப் பூட்டிவிட முடிந்தது. இன்றைக்கும் நம் பட்டறைகள் இந்தக் குணத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன.

மாற்றியமைப்பது யுத்தத்திலேயே தொடங்கிவிட்டது. பர்மாவில் ரயில் பாதை இருந்தது, ஓட்ட இன்ஜின் இல்லை. ஜீப்பின் டயர்களைக் கழற்றி ரயில் சக்கரம் மாட்டி, பெட்டிகளைக் கோத்து இழுத்தார்கள். மற்ற இடங்களில் ஸ்ட்ரெச்சர் தாங்கி, நீரில் இறங்க மூச்சுக்குழல் என்று எத்தனையோ.

யுத்தம் முடிந்ததும் தேவைக்கு மேல் கிடந்த வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. பிலிப்பைன்ஸில் அவற்றின் பின்பக்கத்தை நீட்டி, இருபுறமும் பெஞ்சு போட்டு 'ஜீப்னி' ஆக்கினார்கள். மணிலாவின் தெருக்களையே அது ஆண்டது. அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948ல் சியாட்டிலில், முன்சக்கரத்தை ஆக்சிலிலிருந்து கழற்றிவிடும் ஹப் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். சாலையில் ஓடும்போது முன் ஆக்சில் வீணாகச் சுற்றக் கூடாது என்பதுதான் எண்ணம். இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் வைத்திருந்த ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பைப் பார்த்துப் பார்த்து, 1948ல் லாண்ட் ரோவரைக் கொண்டுவந்தார். இரும்புத் தகடு தட்டுப்பாடு என்பதால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாரே ஜீப்பில்தான் தொடங்கியது என்று நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1948ல் காஷ்மீர் சண்டைக்கு வண்டி அவசரமாகத் தேவைப்பட்டது. லண்டனில் ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், 'ரீகண்டிஷன்' செய்த ஜீப்புகளுக்கு ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கியவை 155. ராணுவம் பார்த்துவிட்டு, இவை ஆகாது என்று சொல்லிவிட்டது. நாடாளுமன்றத்தில் பெரும் கூச்சல். 1955ல் அரசு விவகாரத்தை மூடிவிட்டது. அரசியலை விடுங்கள், மெக்கானிக் பார்வையில் சொல்கிறேன். 'ரீகண்டிஷன்' என்ற சொல்லுக்கு அன்றைக்கும் அளவுகோல் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. பெயின்ட் அடித்தாலும் ரீகண்டிஷன்தான், கிராங்க் சாணை பிடித்து பேரிங் மாற்றினாலும் ரீகண்டிஷன்தான்.

இதே காலத்தில் பம்பாயில் இன்னொரு வேலை நடந்தது. 1945ல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் இரும்பு வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி அது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினையின்போது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதி மந்திரி ஆனார், பின்னர் கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. 1940களின் இறுதியில் மசகாவ்னில், பாகங்களாக வந்திறங்கிய வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு சி.ஜே.3பி என்ற மாடலுக்கு உரிமம் வாங்கி இங்கேயே செய்தார்கள். நமக்கெல்லாம் கண்ணில் நிற்கும் அந்த உயர்ந்த பானெட் ஜீப் அதுதான். பானெட் ஏன் உயர்ந்தது? 1953ல் இந்த ஜீப்புக்குள் வந்த ஹரிக்கேன் இன்ஜினில் காற்று உள்ளே போகும் வால்வை மேலே வைத்தார்கள், புகை வெளியே போகும் வால்வு பழையபடி பக்கவாட்டில். இன்ஜின் உயரம் கூடியது, பானெட்டைத் தூக்கினார்கள். திறன் 75 குதிரை. அழகு போய்விட்டது என்று அமெரிக்காவில் முணுமுணுத்தார்களாம். நமக்கு அதுவே அழகாகிவிட்டது.

அமெரிக்காவில் சி.ஜே.3பி 1968ல் நின்றுவிட்டது. இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது. லைசென்ஸ் ராஜ்ஜியம், போட்டி கிடையாது, புதிய டிசைனுக்கு அவசரம் கிடையாது. இதை நாட்டின் பின்தங்கலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். பொருளாதாரக்காரர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதன் மறுபக்கத்தை நாங்கள்தான் அறிவோம். டிசைன் மாறவில்லை என்றால் பாகம் மாறவில்லை. தகப்பன் வண்டியின் ஆக்சில் பாகம் மகன் வண்டிக்குப் பொருந்தும். ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் ஒரே வண்டியை ஆயுள் முழுக்கப் படித்தார்கள். நான் கல்லூரியில் ஐந்து பருவம் படித்த டிரான்ஸ்மிஷன் பாடத்தை, என் பட்டறைப் பெரிய மேஸ்திரி காது வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். "தம்பி, இது கியர்பாக்ஸ் சத்தம் இல்ல. டிரான்ஸ்பர்ல இன்டர்மீடியட் கியர் தண்டு தேஞ்சிருக்கு. நியூட்ரல்ல போட்டா நிக்கும் பாருங்க" என்பார். நிற்கும்.

இந்த டிரான்ஸ்பர் கேஸைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பழைய சி.ஜே. ஜீப்பில் முதல் கியர் விகிதம் ஏறக்குறைய 2.8, டிரான்ஸ்பரில் 'லோ' போட்டால் 2.43, ஆக்சிலில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 36.6. இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் முனகிக்கொண்டிருந்தால் சக்கரம் 22 சுற்றுதான் சுற்றும். 6.00-16 டயருக்கு ஒரு சுற்று சுமார் 2.2 மீட்டர் என்று வைத்தால், வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாக ஊர்ந்து போகும். ஆள் இறங்கி நடந்தால் முந்திவிடலாம். ஆனால் அந்த வேகத்தில் பாறை மேல் ஏறும் வலு வேறு எந்த வண்டிக்கும் வராது. இதில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டவை, நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். டயர் தேயும், கிராஸ் உடையும், லீவர் வெளியே வராது. "ஃபோர் வீலு சிக்கிக்கிச்சு" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு வியாதியே கிடையாது. பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் லீவர் வந்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயைப் பூட்டின. பீப்பாய் மூன்று டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் பன்னிரண்டை நெருங்கியது. மலையேறும் பெட்ரோல் ஜீப் குடிக்கும் குடிக்கு அந்த விலை தாங்குமா? எஸ்டேட்டுகளில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அப்போதுதான் நம் நாட்டு ஜீப்பின் இரண்டாவது பிறப்பு நடந்தது என்றால் மிகையாகாது. டீசல் பிறப்பு.

கம்பெனியே அந்த வழியில் போனது. 1963 முதல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டாக டிராக்டர் செய்துவந்ததால், டிராக்டர் குடும்பத்து டீசல் இன்ஜின் கைவசம் இருந்தது. அது ஜீப்புக்குள் வந்தது. அப்புறம் 1979ல் பிரான்சின் பெஜோவிடம் உரிமம் வாங்கிய எக்ஸ்.டி.பி. 4.90 வந்தது. 4.90 என்றால் நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர். ஸ்ட்ரோக் 83. பெருக்கிப் பாருங்கள், 2112 சி.சி. வரும். 540 என்று நாம் கூப்பிடும் ஜீப்பில் இருந்தது இதுதான். மேஜர், கமாண்டர் எல்லாம் இந்த வம்சத்தின் பிள்ளைகள்.

ஆனால் புதிய வண்டி வாங்க எல்லோரிடமும் காசு இருக்காதே. பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசலை இறக்கும் வேலை லேத் பட்டறைகளுக்கு வந்தது. இதைச் செய்தவர்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினைத் தூக்கி வைப்பது வேலையே அல்ல. இரண்டு சங்கிலியும் ஒரு புளியமரமும் போதும். கஷ்டம் எங்கே என்றால், புது இன்ஜினின் பின் முகமும் பழைய கியர்பாக்ஸின் முன் முகமும் சேராது. போல்ட் துளை வேறு. நடுவில் ஒரு தடித்த இரும்புத் தட்டு கடைய வேண்டும். அந்தத் தட்டில் துளை போடுவதும் பெரிதல்ல. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் உள்தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அஞ்சு தௌவுக்குள், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள். மீறினால் என்ன ஆகும்? முதல் நாள் ஒன்றும் ஆகாது. வண்டி ஜம்மென்று ஓடும். ஐந்தாறு மாதத்தில் பைலட் புஷ் தேயும், முன் பேரிங் கத்தும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கிழியும். டயல் கேஜைக் காந்தத்தில் ஒட்டி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, தட்டைச் சுத்தியால் மயிரிழை நகர்த்தி டவல் பின் அடிக்கும் அந்த மணி நேரம்தான் முழு வேலையின் உயிர். என் மேஸ்திரி அந்த நேரத்தில் டீ கூடக் குடிக்க மாட்டார், ரேடியோவை அணைக்கச் சொல்வார்.

அதற்குப் பிறகு சங்கிலித் தொடர். டீசல் இன்ஜின் கனம், முன் ஸ்பிரிங் பிளேட் படியும், பிளேட் கூட்ட வேண்டும். பிளேட் கூட்டினால் ஆக்சில் கோணம் மாறும், ஸ்டியரிங் ஆடும். ஆட்டத்தை நிறுத்த கிங்பின் பேரிங்கின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் டாங்கிலிருந்து ஒரு குழாய் போதும், டீசலுக்குத் திரும்பி வரும் குழாய் ஒன்று வேண்டும். டிராக்டர் வம்ச இன்ஜின் அதிகச் சுற்றுக்குப் போகாது. 5.38 ஆக்சிலோடு அதை 3000 சுற்றில் விரட்டினாலும் மணிக்கு 74 கிலோமீட்டர்தான் கணக்கு வரும். மலைக்கு அது தாராளம், மதுரை ரோட்டில் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகும்.

இன்னொரு நுட்பம், இதைக் கவனியுங்கள். பெட்ரோல் இன்ஜினில் கார்புரேட்டர் கதவை மூடும்போது உள்ளே ஒரு உறிஞ்சல் உண்டாகும். வாக்குவம். பழைய பெட்ரோல் ஜீப்பில் வைப்பரே அதில்தான் ஓடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் வைப்பர் சோர்ந்து நின்றுவிடும், காலைத் தூக்கினால் படபடவென்று அடிக்கும். மழையில் மேலே ஏறும் டிரைவர் கண்ணாடியைத் துடைக்கவே காலைத் தூக்கித் தூக்கி ஓட்டுவார். டீசலில் அந்த அளவு உறிஞ்சலை நம்ப முடியாது. வைப்பருக்கு மின் மோட்டார் வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் பிரேக் பூஸ்டருக்கும் அதே வாக்குவம்தான் வேண்டும். டீசல் இறக்கிய வண்டியில் பூஸ்டர் வைத்தால் தனி வாக்குவம் பம்ப் கட்டாயம். இல்லாவிட்டால் அந்த பூஸ்டர் வெறும் தகர டப்பா.

பிரேக்கைச் சொன்னதும் நிற்க வேண்டியிருக்கிறது. யுத்த ஜீப்பின் பிரேக் 9 அங்குல டிரம். கால் டன் சுமைக்காகப் போட்டது. மாஸ்டர் சிலிண்டரில் ஒரே சுற்று, எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். கை பிரேக் சக்கரத்தில் கிடையாது, டிரான்ஸ்பருக்குப் பின்னால் புரொப்பெல்லர் தண்டில் இருக்கும். டிரான்ஸ்பரின் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக அந்த டிரம்முக்குள்தான் இறங்கும். இப்படிப்பட்ட வண்டியின் இன்ஜினைக் கனமாக்கி, பின்பக்கத்தை நீட்டி, ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றி இறக்கத்தில் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பதற்கு டிப்ளமோ கூடத் தேவையில்லை.

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே ஒரு ஜீப் பள்ளத்தில் விழுந்து, தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அந்த வண்டியின் உள் விவகாரத்தை நான் இங்கே பேசவில்லை, அது விசாரணைக்காரர்கள் வேலை. ஆனால் அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை எங்கள் பட்டறை வாசலில் நாலு வண்டி நின்றது. நாலும் பிரேக் பார்க்க வந்தவை. அதில் ஒரு டிரைவர், "அண்ணே, காலைல ஏத்தும்போது ஒரு அக்கா கேட்டாங்கண்ணே, தம்பி பிரேக்கு நல்லாருக்காடான்னு. என்னால பதில் சொல்ல முடியலண்ணே" என்றார். அவர் வண்டியில் பின் டிரம்மைக் கழற்றினோம். லைனிங்கில் ரிவெட் தலை தெரிந்தது.

பட்டறையில் அதற்கு முன்பே இருந்த ஒரு வழக்கம் அன்றிலிருந்து சட்டம் ஆகிவிட்டது. இன்ஜின் பெரிதாக வேண்டுமா, முதலில் பிரேக். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், பெரிய டிரம் அல்லது முன்னால் டிஸ்க், வாக்குவம் பம்போடு பூஸ்டர். அதற்குக் காசு இல்லை என்றால் பழைய இன்ஜினையே சரிசெய்து தருகிறோம். கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும். பெரிய சக்கரம் மாட்டி, வண்டியைத் தூக்கி, எட்டு விளக்கு வைத்துக் கேட்கும் இளைஞர்களுக்கும் இதே பதில்தான். சக்கரம் பெரிதானால் பிரேக் பிடிக்கும் வலு குறையும். நெம்புகோல் தத்துவம், ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பாதுகாப்பை நினைத்தால் அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. பதினைந்து ஆண்டு தாண்டிய கார், ஜீப் வகைக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது தாண்டியதற்கு 2025ல் 10,000 ஆக்கினார்கள். இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் 'விண்டேஜ்' வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் பிறந்தபடியே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். 'வி.ஏ.' எழுத்தோடு நம்பர் கிடைக்கும். கண்காட்சிக்குப் போகலாம், பேரணிக்குப் போகலாம். தினசரி ஓட்டக் கூடாது, சம்பாதிக்கக் கூடாது.

போன வருஷம் எங்கள் கொட்டகையில் ஒரே வாரத்தில் இரண்டு வண்டி வந்தது. ஒன்று, எஸ்டேட் குடும்பத்துப் பேரன் ஒருவர் கொண்டுவந்த 1960களின் சி.ஜே.3பி. தாத்தா காலத்தில் டீசல் இறக்கியது. அதை எடுத்துவிட்டு எங்காவது ஒரு ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் தேடி வைத்து, 'ஒரிஜினல்' ஆக்கித் தரவேண்டும் என்றார். இரண்டாவது, சின்னமனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் வண்டி. எப்படியோ இத்தனை காலம் பெட்ரோலிலேயே இருந்துவிட்டது. அவருக்கு டீசல் வேண்டும். மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் மாத்திக்கிட்டா வேலை முடிஞ்சுதுங்களே!" என்றார். சிரித்தோம். சட்டப்படி அது அவ்வளவு சுலபமில்லை, விவசாயிக்கு அதை விளக்கி அனுப்பினோம்.

பேரனிடம் நான் பேசிப் பார்த்தேன். அவருடைய தாத்தா 1970களில் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் அந்த டீசலை இறக்கினார். அதனால்தான் வண்டி இரும்புக் கடைக்குப் போகாமல் இன்றைக்கும் இருக்கிறது. ஃபயர் வாலில் அன்றைய டிங்கர் வெட்டிய வெட்டு இருக்கிறது, சேசிஸில் புது மவுன்ட்டுக்கு ரிவெட் அடித்த தடம் இருக்கிறது. அடாப்டர் தட்டில் கடைந்தவர் ஆணியால் கீறிய தேதி கூட இருக்கிறது. இதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் பழமை என்று சான்றிதழ் வாங்க வேண்டுமா? டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனில் போய்ப் பாருங்கள், சந்தக்பூவுக்கு, அதாவது 3,636 மீட்டர் உயரத்துக்கு, பயணிகளை ஏற்றிச் சென்ற பழைய லாண்ட் ரோவர்களை உலகமே படம் எடுத்துப் போட்டது. அவை ஓடியது உள்ளூர் மெக்கானிக்குகளின் கை மருத்துவத்தில்தான். அங்கே அதற்குப் பெயர் பெருமை. இங்கே அதற்குப் பெயர் ஒட்டு வண்டி.

பேரன் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். பிறகு வந்து டீசலையே சரிசெய்யச் சொன்னார், பிரேக் வேலையும் சேர்த்து. சான்றிதழ் ஆசையை விட்டுவிட்டாரா, செலவைப் பார்த்துப் பயந்தாரா என்று நான் கேட்கவில்லை.

மேஸ்திரிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவரிடம் பழைய வருஷ டைரிகள் ஒன்பது இருக்கின்றன. எந்த வண்டிக்கு எந்த இன்ஜின், தட்டின் கனம் எத்தனை, புஷ்ஷின் உள்விட்டம் எத்தனை, எந்த ஸ்பிரிங்கில் எத்தனை பிளேட் கூட்டினார், எது ஆறு மாதத்தில் திரும்பி வந்தது, எல்லாம் பென்சிலில், பாதி அங்குலத்திலும் பாதி மில்லிமீட்டரிலும் எழுதியிருக்கிறார். கிரீஸ் கறையில் சில பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் இயந்திரவியல் துறை மாணவர்கள் மூன்று பேர் போன கோடை விடுமுறையில் வந்து, நாலு டைரியைப் படமெடுத்து, அளவுகளையெல்லாம் அட்டவணையாக்கிக் கொடுத்தார்கள். மேஸ்திரி முதலில் தரத் தயங்கினார். பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து, "இது அஞ்சு இல்ல பாப்பா, எட்டு. நான் எட்டை அப்படித்தான் போடுவேன்" என்று திருத்திக் கொடுத்தார். இன்னும் ஐந்து டைரி பாக்கி. பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை. மற்ற நாளில் காலை எட்டு மணிக்கு மேல் யார் வந்தாலும் மேஸ்திரி இருப்பார், அழுக்கானால் பரவாயில்லை என்கிற சட்டை போட்டு வரவும்.